வியர்வையில் போகும் புரதம் எவ்வளவு?

(மன்னாரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் பல குறைக்கப்பட்டுள்ளன.)



மன்னார்த் தீவில் சோளகக் காற்று எழும்பிவிட்டால் வியர்வை கண்ணுக்குத் தெரிவதில்லை. தோலுக்கு வந்த ஈரத்தை வழியுமுன் காற்று உறிஞ்சிவிடுகிறது. கரைவலை இழுக்கிறவர் சட்டையைக் கழற்றி உதறும்போதுதான் முதுகுப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு வரி ஓடியிருப்பது தெரியும். உப்பளத்தில் வாருகிறவருக்கும், பனை ஏறுகிறவருக்கும், வாடியில் மீன் வெட்டிக் கருவாடு போடும் பெண்களுக்கும் இதே கதைதான். வேலை முடிந்து வருகிறவர்கள் சொல்லும் வார்த்தையும் ஊரறிந்தது: "சத்தெல்லாம் வேர்வையாப் போகுது."

அந்தப் பேச்சில் ஒரு விஞ்ஞானக் கேள்வி இருக்கிறது. வியர்வையில் உப்பும் நீரும் மட்டுமா போகின்றன, புரதத்தின் பங்கும் போகிறதா? போகிறதென்றால் வெயிலில் உழைக்கிறவர் அதற்கென்று கூடுதலாகப் புரதம் சாப்பிட வேண்டுமா? மருந்துக்கடைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருக்கும் புரதமா டின்கள் "ஆம்" என்கின்றன. ஆய்வுகளின் பதில் வேறு. வியர்வையில் போகும் நைதரசன், ஒருவருக்கு எவ்வளவு புரதம் தேவை என்பதைக் காட்டுவதில்லை; அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. இந்த உரை நிறுவ முயல்வது இந்த ஒன்றைத்தான்.

1. தட்டிலிருந்து தோல் வரை

புரதத்தில் ஏறக்குறைய 16 வீதம் நைதரசன். ஆகவே நைதரசனின் எடையை 6.25 ஆல் பெருக்கினால் புரதத்தின் எடை கிடைக்கும். சோற்றின் மாச்சத்தும் தேங்காய் எண்ணெயும் உடலில் எரிந்து கரியமில வாயுவும் நீருமாக முடிந்துவிடும். புரதம் எரிந்தால் நைதரசன் மிஞ்சும். அது அமோனியாவாகத் தங்கினால் நஞ்சு. அதனால் ஈரல் அதை யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. அந்த மாற்றம் ஒரு சுழற்சியாக நடப்பதை ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்சலைட்டும் 1932இல் ஜேர்மனியில் கண்டறிந்தார்கள்.

இரத்தத்தில் ஓடும் யூரியாவின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. ஆனால் யூரியா சின்ன மூலக்கூறு, மின்னேற்றம் இல்லாதது. நீர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே நழுவிப் போகும். வியர்வைச் சுரப்பி அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. வியர்வையில் உள்ள நைதரசனில் பெரும்பங்கு யூரியா. மீதி அமோனியாவும் அமினோ அமிலங்களும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோலில் முற்காலத்தில் வெண்பொடி படிந்ததை மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். அது வியர்வை காய்ந்து மிஞ்சிய யூரியா. இரத்தத்தில் யூரியா ஏறினால் வியர்வையிலும் ஏறும் என்பதற்கு அதைவிடக் கண்கூடான சாட்சி கிடையாது.

அளவு எவ்வளவு? ஒரு லீற்றர் வியர்வையில் 10 மில்லிமோல் யூரியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 280 மில்லிகிராம் நைதரசன். புரதமாகப் பார்த்தால் 1.75 கிராம். நாலு லீற்றர் வியர்த்தால் 7 கிராம். இது ஒரு துண்டு மீனில் அடங்கிவிடும் அளவு. கரைவலைக்காரரின் சட்டையில் தெரியும் வெள்ளை வரியோ பெரும்பாலும் சாதாரண உப்பு. லீற்றருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பு போவது வழமை. எடைக்கு எடை பார்த்தால் வியர்வையில் முதல் இழப்பு நீர், அடுத்தது உப்பு, நைதரசன் வெகு பின்னால்.

2. டென்வர், ஜமேக்கா, தாய்வான்

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் விஞ்ஞானிகள் இதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். அந்த வாதம் வெப்பநாட்டு ஏழைகளைப் பற்றியது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒருவருடைய புரதத் தேவையை அறிய நைதரசன் சமநிலை என்ற பழைய முறை உண்டு. உண்டதில் எவ்வளவு நைதரசன், மலத்திலும் சிறுநீரிலும் போனது எவ்வளவு என்று அளந்து கழிப்பார்கள். அளப்பதற்கு டென்மார்க்கின் கால்ஸ்பேர்க் ஆய்வகத்தில் யோகான் கெல்டால் 1883இல் வகுத்த வழி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மாதிரியைச் சல்பூரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டு, நைதரசன் முழுவதையும் அமோனியா வடிவுக்குக் கொண்டுவந்து வடித்தெடுப்பது அந்த வழி. இந்தக் கணக்கில் நெடுங்காலம் விடுபட்டது தோல். வியர்வையில் போனதைச் சேர்க்காவிட்டால், இழப்பைக் குறைத்துக் காட்டி, தேவையையும் குறைத்துக் காட்டிவிடும்.

அமெரிக்க இராணுவத்தின் டென்வர் போசணை ஆய்வகத்தில் பிராங்க் கொன்சொலாசியோவும் தோழர்களும் 1963இல் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். கிட்டத்தட்ட 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆட்களை வைத்து அளந்தபோது வியர்வைவழி நைதரசன் இழப்பு கணிசமாக இருந்தது. அதற்கு ஈடாகச் சிறுநீரில் குறையவில்லை என்றும், புரதத் தேவையைக் கணிக்கும்போது இதையும் சேர்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அதை அப்படியே ஏற்றால் மன்னாரிலும் இராமநாதபுரத்திலும் உள்ள உழைப்பாளிகள் எல்லாரும் புரதப் பற்றாக்குறைக்காரர்கள் என்றாகிவிடும்.

இங்கே அளவெடுக்கும் முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வியர்வையைச் சேகரிப்பது லேசான காரியமல்ல. முன்கையில் பிளாஸ்ரிக் பையைக் கட்டிச் சேர்ப்பது ஒரு வழி. ஆனால் கையிலிருந்து வரும் வியர்வை உடல் முழுவதற்கும் சான்றாகாது; பைக்குள் தோல் அவிந்து, செதில் உரிந்து, அளவு மிகைப்படும். சரியான வழி சிரமமானது. ஆளை வடிநீரால் குளிப்பாட்டி, ஏற்கெனவே அலசிய பருத்தி உடுப்பைப் போட்டுவிட வேண்டும். நாள் முடிவில் மறுபடியும் உடம்பைக் கழுவி, உடுப்பையும் துவாயையும் படுக்கை விரிப்பையும் அலசி, அந்த நீர் முழுவதையும் சோதிக்க வேண்டும். அமிலம் சேர்க்காமல் வைத்தால் பக்டீரியா யூரியாவை அமோனியாவாக்கிவிடும்; அளக்க வேண்டியது காற்றோடு போய்விடும்.

ஜமேக்காவில் ஜோன் வாட்டர்லோ தொடங்கிய வெப்பமண்டல வளர்சிதைமாற்ற ஆய்வுப் பிரிவு ஒன்று உண்டு. அங்கிருந்து ஆன் ஆஷ்வேர்த், ஹாரோவர் இருவரும் 1967இல் பதில் எழுதினார்கள். வெப்பத்துக்குப் பழகிய உடம்புகளில் வியர்வைவழி நைதரசன் அவ்வளவு பெரிதல்ல. போவதையும் சிறுநீர் பெரும்பாலும் ஈடுகட்டுகிறது என்பது அவர்கள் கண்டது. 1975இல் தாய்வானில் ஹுவாங் குழுவினர் அதையே உறுதிப்படுத்தினார்கள்: வெக்கையில் வியர்வை நைதரசன் ஏறியபோது, கூடவே சிறுநீர் நைதரசன் இறங்கியது.

காரணம் விளங்காததல்ல. தோலும் சிறுநீரகமும் ஒரே இரத்தத்திலிருந்துதான் யூரியாவை எடுக்கின்றன. தோல்வழி கொஞ்சம் கூடப் போனால் சிறுநீரகத்துக்கு வந்துசேர்வது அவ்வளவுக்குக் குறையும். எரிந்து முடிந்த புரதத்தின் கழிவு எந்த வாசலால் வெளியேறினாலும் உடலின் கையிருப்புக்கு அதனால் நட்டமில்லை. "சத்துப் போகுது" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. யூரியா சத்தல்ல, சத்து பயன்பட்டபின் மிஞ்சியது. வியர்வையில் கலந்து போகும் அமினோ அமிலங்கள் உண்மையான இழப்புத்தான். ஆனால் அவை மொத்தத்தில் சிறுபங்கு.

3. சாப்பாடு குறைந்தால் வியர்வையும் சிக்கனமாகும்

மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஒட்டோ போலின் 1905இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. வழமையான புரத உணவு உண்ட ஒருவரின் ஒருநாள் சிறுநீரில் மொத்த நைதரசன் 16.8 கிராம், அதில் 14.7 கிராம் யூரியாவாக இருந்தது. பிறகு மாவும் பாலேடும் மட்டும் கொடுத்தார்கள். மொத்த நைதரசன் 3.6 கிராமாக விழுந்தது. யூரியாவின் பங்கு 2.2 கிராம். இன்னொரு கழிவான கிரியற்றினின் மட்டும் ஏறத்தாழ அசையாமல் நின்றது. உணவில் புரதம் குறைந்தால் முதலில் வற்றுவது யூரியா என்பது அன்றே தெரிந்துவிட்டது.

யூரியா வற்றினால் வியர்வையிலும் வற்ற வேண்டும் அல்லவா? கலிபோர்னியாவின் பேர்க்லியில் டோரிஸ் கலோவே, ஷெல்டன் மார்கன் ஆகியோரின் குழு 1971இல் அதைச் சோதித்தது. வியர்வையோடு வெட்டிய முடியையும் நகத்தையும்கூட விடாமல் சேர்த்து அளந்தார்கள். புரதமே இல்லாத உணவில் இருந்தவர்களின் தோல்வழி இழப்பு மிகச் சொற்பம். உணவில் புரதம் ஏற ஏற அதுவும் ஏறியது. ஒரே அறை, ஒரே வகை வேலை. மாறியது தட்டில் இருந்த புரதம் மட்டுமே.

புரதமாவைக் கரைத்துக் குடிக்கிறவர் வியர்வையில் கூடுதல் நைதரசனை விடுகிறார். அந்தக் கூடுதலைக் காட்டி இன்னும் ஒரு டின் விற்கலாம். வியாபாரத்துக்கு இதைவிட நல்ல வட்டம் அமையாது. மன்னாரைப்போல் கிணற்று நீர் பல இடங்களில் உவர்க்கும் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. மிகையான யூரியாவைச் சிறுநீரகம் வெளியேற்ற நீர் வேண்டும். வியர்த்துக் காய்ந்த உடம்பில் அந்த நீருக்கும் போட்டி.

4. மன்னார்த் தட்டின் கணக்கு

உலக சுகாதார நிறுவனம், உணவு விவசாய நிறுவனம், ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்தவருக்கு உடலெடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் நல்ல புரதம் போதும் என்கிறது. அதற்கு அடிப்படையாக அமைந்த 2003ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, ராண்ட், பெலற், யங் ஆகிய மூவருடையது. தோல்வழி இழப்பும் அதில் உண்டு. மிதவெப்ப நாட்டவருக்குக் கிலோவுக்கு 4.8 மில்லிகிராம் நைதரசன், வெப்பமண்டலத்தவருக்கு 11 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 372 மில்லிகிராம், புரதமாக 2.3 கிராம். வெயில்நாட்டில் பிறந்ததற்காக நாம் கட்டும் கூடுதல் வரி அவ்வளவுதான்.

இனி 60 கிலோ எடையுள்ள ஒரு கடற்றொழிலாளியின் நாளைப் பார்ப்போம். தேவை 50 கிராம் புரதம். மூன்று வேளையும் சேர்த்து 400 கிராம் அரிசி போட்டால் 28 கிராம். 150 கிராம் மீன் — சூடையோ, கீரியோ, பாரையோ — ஏறக்குறைய 30 கிராம். 50 கிராம் மைசூர்ப் பருப்பில் 12 கிராம். மொத்தம் 70. நாலு லீற்றர் வியர்த்து 7 கிராம் கழிந்தாலும் தேவைக்கு மேலேதான் நிற்கிறார். சிறுநீரகம் ஈடுகட்டுவதை இதில் சேர்க்கவே இல்லை. கருவாட்டில் நீர் வற்றிவிடுவதால் அதே எடையில் புரதம் இன்னும் செறிவு. வியர்வையில் போன உப்பையும் அது திருப்பித் தருகிறது. அந்தக் கருவாட்டுக் குழம்பையே நாள் முழுதும் கதிரையில் உட்கார்ந்து எழுதுகிறவர் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் பேசத் தொடங்கும். அது வேறு சொற்பொழிவுக்குரியது.

மீனை எடுத்துவிட்டால் கணக்கு சரிகிறது. 40 கிராமில் நிற்கும். அதைவிட முக்கியம் லைசின் என்ற அமினோ அமிலம். பெங்களூர் சென்ற் ஜோன்ஸ் ஆய்வுக்கழகத்தில் அனுரா குர்பாட் குழுவினர் இந்தியர்களிடம் அளந்து கண்ட தேவை கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். 60 கிலோவுக்கு 1,800. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. 400 கிராம் அரிசியிலிருந்து ஏறத்தாழ 1,000 மில்லிகிராமே வரும். பருப்பு சேர்ந்தால் மட்டுமட்டாக எல்லையைத் தொடும். மீன் சேர்ந்தால் கவலையே இல்லை. சோறும் சம்பலும் மட்டும் வைத்து எழும்பும் வீட்டில் ஓட்டை இருப்பது தட்டில்தான், தோலில் அல்ல.

5. வெறும் வயிறு

வியர்வையில் நைதரசன் உண்மையிலேயே ஏறும் ஒரு நிலைமை உண்டு. அதற்கும் சாப்பாடே காரணம். அமெரிக்காவில் லெமன், மலின் இருவரும் 1980இல் ஆறு பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கவிட்டு வியர்வை யூரியாவை அளந்தார்கள். காபோவைதரேற்று நிறையச் சாப்பிட்டு வந்து மிதித்தபோது மணிக்கு 5.8 கிராம் புரதம் எரிந்ததாகக் கணக்கு வந்தது. தசையிலுள்ள மாச்சத்துச் சேமிப்பான கிளைக்கோசனைக் கரைத்துவிட்டு மிதித்தபோது 13.7 கிராம். செலவான சக்தியில் பத்திலொரு பங்குக்குமேல் புரதத்திலிருந்து வந்திருக்கிறது.

பிளேன்ரீ ஒன்றைக் குடித்துவிட்டு விடியப்புறம் வள்ளம் தள்ளப் போகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. அவருடைய புரதத்தைக் காப்பது பழஞ்சோறு, புட்டு, ஒடியல் பிட்டு. மாச்சத்து கையில் இருக்கும்வரை உடல் தசையின் பக்கம் அதிகம் போவதில்லை.

6. சிக்கனத்தைப் போதும் என்று வாசிக்கலாமா?

அவையோரே, இந்த உரையின் வாதத்தை ஒருவர் தலைகீழாகவும் பிடிக்கலாம். குறைவாகச் சாப்பிட்டால் சிறுநீரும் வியர்வையும் தாமே சிக்கனமாகின்றன. அப்படியானால் ஏழைக்குக் குறைந்த புரதமே போதுமே என்று. நூறாண்டுக்கு முன்னர் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ரசல் சிற்றென்டன் 1904இல், அக்கால ஜேர்மானிய மேதை கார்ல் வொய்ற் நாளொன்றுக்கு விதித்த 118 கிராம் புரதம் மிகை என்றும், அதில் பாதியோடு ஆட்கள் திடமாக வாழ்வதைக் காட்டியதாகவும் எழுதினார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் மக்கே 1912இல் வங்காளத்தைக் காட்டி மறுத்தார்: குறைந்த புரதத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் உடல்வாகைப் பாருங்கள் என்றார். மக்கேயின் இனம் பற்றிய பேச்சுகள் இன்று வாய்விட்டுப் படிக்க முடியாதவை. எனினும் ஒன்றை அவர் சரியாகப் பிடித்தார். நைதரசன் வரவும் செலவும் சமமாகிவிட்டன என்பதால் உடல் நிறைவாக இருக்கிறது என்றாகாது. தாழ்ந்த மட்டத்திலும் சமநிலை வரும்.

அதனால் கேள்வியை வியர்க்கிற ஆணிடமிருந்து நகர்த்த வேண்டியிருக்கிறது. அதே 2007 அறிக்கையின்படி கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக வேண்டிய புரதம் முதல் மூன்று மாதங்களில் 1 கிராம், அடுத்த மூன்றில் 9, கடைசி மூன்றில் 31. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் 19. வெயிலுக்கு 2.3 கிராம், வயிற்றுப் பிள்ளைக்கு 31 கிராம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வீட்டில் மீன்துண்டு யாருடைய தட்டுக்குப் போக வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. உழைத்து வந்தவருக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்கு மிச்சம், சமைத்தவளுக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு. "அவர் வேர்க்க உழைக்கிறார்" என்ற நியாயம் இந்தப் பங்கீட்டுக்குத் துணைநிற்கிறது; உடற்றொழிலியல் அதற்குத் துணைநிற்கவில்லை.

அரசு இதை அறியாமல் இல்லை. சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் அதற்கே தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்களுக்கு அதுதான் எரிபொருள். வள்ளம் கரையில் கிடந்தால் வீட்டுக் கறிக்கும் மீன் இல்லை. இறக்குமதிப் பருப்பின் விலையும் எட்டாத உயரத்தில் நின்றது. நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக ஐ.நா. அமைப்புகள் அந்த ஆண்டு கணித்தன. மேலே சொன்ன 40 கிராம் தட்டு அப்போது பல வீடுகளில் உண்மையாயிருக்கும்.

சாதாரண ஆண்டுகளிலும் மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் ஒரு காட்சி உண்டு. வள்ளம் வந்ததும் பெருமீனும் நண்டும் இறாலும் தனியாகப் பிரிக்கப்படும். சம்மாட்டி நிறுத்துக் கணக்கெழுத, ஐஸ் பெட்டியில் அடுக்கி லொறியில் ஏற்றினால் பொழுது விடியுமுன் பேலியகொடைச் சந்தை. நல்ல விலை வருவதை விற்கத்தான் வேண்டும். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் லொறி ஏறாத சூடையும் நெத்தலியும் போசணையில் அறக்குளாவுக்குக் குறைந்தவை அல்ல. முள்ளோடு சாப்பிடும் சிறுமீனில் கல்சியமும் கூட.

கூட்டுறவுச் சங்கத்தாரும் குடும்பநல மருத்துவமாதரும் இந்த அவையில் இருப்பதால் நேராகவே கேட்க வேண்டியது இது. கரைக்கு வரும் சிறுமீனில் ஒரு பங்கைச் சங்கமே வாங்கி, அந்தந்த ஊரின் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் பெயர்ப் பட்டியலின்படி கரை விலைக்கே கொடுக்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். கடலுக்குப் போகிறவர் விடியப்புறம் ஒரு கோப்பை பழஞ்சோறும் நிறையத் தண்ணீரும் குடித்துவிட்டுப் போகட்டும். புரதமா டின்னுக்கு ஒதுக்கிய காசு வீட்டில் இருந்தால், அதைப் பருப்புக்கும் முட்டைக்கும் மாற்றுங்கள்.